ஹைட்ரஜனும் இடுப்பெலும்பும்

எலும்பைக் கரைக்க நம் உடலே அமிலம் தயாரிக்கிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் வேறு, இது வேறு. எலும்பின் மேற்பரப்பில் இறுக ஒட்டிக்கொண்டு, தனக்கும் எலும்புக்கும் நடுவே சின்னஞ்சிறு அறை ஒன்றைச் சுற்றிலும் அடைத்து, அதற்குள் அமிலத்தைச் செலுத்தும் செல்கள் நம் எலும்புக்கூடு முழுவதும் இருக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். இதைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்கள் தொடை எலும்பில் எங்கோ ஓரிடத்தில் அவை வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அமிலம் எதுவானாலும் அதற்கு அமிலத்தன்மை தருவது ஹைட்ரஜன் அயனிதான். ஹைட்ரஜன் அணுவிலிருந்து அதன் ஒரே எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சும் புரோட்டானே அந்த அயனி. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கைகோத்தால் ஹைட்ரஜன் மூலக்கூறு. நிறமில்லை, மணமில்லை, எளிதில் தீப்பிடிக்கும் வாயு. எலும்பு மருத்துவத்தில் இந்தத் தனிமம் இவ்விரண்டு உருவங்களிலும் வந்து நிற்கிறது. அயனியாக வரும்போது அதன்மீது பழி. வாயுவாக வரும்போது அதற்குப் புகழ். இடுப்பெலும்பு முறிவைக் கூட்டுவதும் அதுதான், குறைக்கப்போவதும் அதுதான் என்று கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பல கருத்துகள் எழுந்தன. அவற்றில் நான்கை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். நான்கிலும் வேதியியல் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் சோதனையைத் தாண்டி வந்தது ஒன்றே ஒன்றுதான்.

உடைவது எது?

'பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது' என்று வீட்டில் சொல்கிறோம். பெரும்பாலும் அப்போது உடைந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை. அந்த முனையில் உருண்டையான தலை இருக்கிறது. அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. தலையையும் தண்டையும் சாய்வாக இணைக்கும் குறுகலான பகுதிக்குக் கழுத்து என்று பெயர். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் எடை இந்தச் சாய்வான கழுத்தின் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. முறிவு கழுத்திலேயே நிகழலாம். அதற்குச் சற்றுக் கீழே, தொடைத் தசைகள் வந்து பற்றும் புடைப்புகளின் அருகிலும் நிகழலாம்.

எங்கே உடைகிறது என்பது முக்கியம். தொடை எலும்பின் தலைக்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகத்தான் வருகிறது. கழுத்து உடைந்து விலகினால் இந்த நாளங்களும் அறுபடும். ரத்தம் கிடைக்காத தலை பிறகு மெல்ல மெல்ல மடிந்துபோகலாம். அதனால்தான் வயதானவர்களுக்குக் கழுத்து முறிந்து விலகியிருந்தால் பல சமயம் தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்துகிறார்கள். கீழே உடைந்திருந்தால் ராடும் ஸ்குரூவும் வைத்து எலும்பைச் சேர்த்துவிட முடிகிறது.

1990இல் உலகம் முழுவதும் சுமார் 16.6 லட்சம் இடுப்பெலும்பு முறிவுகள் நிகழ்ந்தன என்றும், 2050இல் அது 62.6 லட்சமாக உயரக்கூடும் என்றும் 1992இல் கூப்பரும் அவருடைய சகாக்களும் கணித்தார்கள். உயர்வில் பெரும்பங்கு ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கும் என்றார்கள். அங்கேதான் முதியவர்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகுகிறது. இந்த முறிவுக்கு ஆளானவர்களில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. உயிர் பிழைப்பவர்களிலும் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வரும் நிமோனியா, ரத்தக்கட்டு, படுக்கைப் புண், மனக்குழப்பம் ஆகியவைதான் பெரும்பாலும் ஆளைக் கொல்கின்றன. எலும்பு முறிவு அவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பெலும்பு முறிவு நிகழ இரண்டு சேர வேண்டும்: வலுக்குறைந்த எலும்பு, ஒரு விழுகை. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட முறிவுகள் விழுந்ததால் ஏற்பட்டவை. அதிலும் பக்கவாட்டில் விழுந்தால் ஆபத்து அதிகம். எலும்பின் வேதியியலை மட்டும் பார்க்கும் எந்த ஆராய்ச்சியும் கதையில் பாதியைத்தான் பார்க்கிறது.

அமிலம் சுரக்கும் செல்

எலும்பின் கடினத்துக்குக் காரணம் கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த ஒரு கனிமம். மொசைக் தரையில் எலுமிச்சைச் சாற்றைச் சிந்திவிட்டுத் துடைக்க மறந்தால் அந்த இடம் அரித்துச் சொரசொரப்பாகிவிடுகிறது அல்லவா, அதேபோல ஹைட்ரஜன் அயனி பட்டால் எலும்பின் கனிமமும் கரையும். ஆஸ்டியோகிளாஸ்ட் இந்த வேதியியலைத்தான் பயன்படுத்துகிறது. செல்லுக்குள் கரியமில வாயுவும் நீரும் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன. அவற்றைச் செல்லின் அடிப்புறத்திலுள்ள புரோட்டான் பம்புகள் அடைக்கப்பட்ட அறைக்குள் தள்ளுகின்றன. ரத்தத்தின் பிஎச் அளவு 7.4 அருகில் இருக்க, அந்தச் சிறிய அறைக்குள் அது 4.5 வரை இறங்குகிறது. கனிமம் கரைந்ததும், மிஞ்சும் கொலாஜன் இழைகளைக் கத்தெப்சின்-கே என்னும் நொதி வெட்டிப்போடுகிறது. அந்தப் புரோட்டான் பம்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை 1989இல் பிளேர், டைடல்பாம் முதலியோர் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள்.

எலும்பைக் கரைக்கும் செல் என்றதும் அதை எதிரியாக எண்ணத் தோன்றும். அது எவ்வளவு தவறான முடிவு என்பதை ஓர் அரிய பரம்பரை நோய் காட்டியது. கார்பானிக் அமிலம் உண்டாக உதவும் நொதி பிறவியிலேயே இல்லாதவர்களை வில்லியம் ஸ்லையும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1983இல் எழுதினார்கள். அவர்களுடைய ஆஸ்டியோகிளாஸ்ட்களால் அமிலம் சுரக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு பளிங்குபோல் வெண்மையாகவும் அடர்த்தியாகவும் தெரிந்தது. ஆனால் எளிதில் உடைந்தது. பழைய எலும்பு கரைந்தால்தான் புதியது வரும். புதுப்பிக்கப்படாத எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் நொறுங்கும்.

ஆகவே சிக்கல் அமிலத்தில் இல்லை, சமநிலையில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, கரைக்கும் வேகம் கட்டும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. அப்படியானால் அமிலம் சுரக்கும் செல்லைச் சற்றே அடக்கினால் முறிவு குறையுமா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் எலும்பின் கனிமத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கரைக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்ட் அவற்றையும் சேர்த்து விழுங்கிச் செயலிழக்கிறது. இவ்வகையைச் சேர்ந்த சோலெட்ரானிக் அமிலத்தை ஆண்டுக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியாக ஏற்றி, ஏறத்தாழ 7,700 பெண்களிடம் 3 ஆண்டுகள் சோதித்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதத்தினருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருந்து பெற்றவர்களில் 1.4 சதவீதத்தினருக்கு. டெனோசுமாப் என்ற ஊசி மருந்து வேறொரு வழியில் அதே செல்லை அடக்குகிறது. அதற்கும் 2009இல் இதேபோன்ற வெற்றி கிடைத்தது.

வெற்றி எல்லா மருந்துக்கும் வாய்க்கவில்லை. கத்தெப்சின்-கே நொதியைத் தடுக்கும் ஒடானாகாடிப் என்ற மாத்திரையை 16,000 பெண்களிடம் சோதித்தபோது இடுப்பெலும்பு முறிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆனால் பக்கவாதம் கூடியது. 2016இல் தயாரிப்பாளரே அந்த மருந்தைக் கைவிட்டார். எலும்பைக் காப்பாற்றுவதும் ஆளைக் காப்பாற்றுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கேஸ் மாத்திரைமேல் விழுந்த சந்தேகம்

நம்மூரில் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை இரைப்பையின் புரோட்டான் பம்பை அடைக்கின்றன. அது ஆஸ்டியோகிளாஸ்டின் பம்புக்கு உறவு, ஆனால் வேறு வகை. 1986இல் பின்லாந்தின் டூக்கனன், வானனன் இருவரும் சோதனைக் கலத்தில் ஒமிப்ரசோல் எலும்புக் கரைப்பைத் தடுப்பதைக் கண்டார்கள். அந்தக் கோணத்தில் பார்த்தால் இந்த மாத்திரை எலும்புக்கு நல்லது செய்திருக்க வேண்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து வந்த செய்தி நேர்மாறாக இருந்தது. பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் சேர்த்துவைத்த பதிவுகளிலிருந்து இடுப்பெலும்பு முறிந்த 13,556 பேரை, முறிவில்லாத ஒரு லட்சத்து 35 ஆயிரம் பேருடன் ஒப்பிட்டு, யூ-ஷியாவ் யாங்கும் சகாக்களும் 2006இல் 'ஜாமா' இதழில் எழுதினார்கள். ஓராண்டுக்கு மேல் மாத்திரை எடுத்தவர்களுக்கு முறிவு வாய்ப்பு 44 சதவீதம் அதிகம். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல். காரணமும் கையருகே இருந்தது: இரைப்பையில் ஹைட்ரஜன் அயனி குறைந்தால் கால்சியம் கார்பனேட் சரியாகக் கரையாது, உடலில் சேராது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரிக்கை வெளியிட்டது.

ஆனால் மருத்துவப் பதிவுகளை ஒப்பிடும் ஆய்வில் ஒரு பொறி உண்டு. கேஸ் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர் யார்? ஏற்கெனவே பல நோய் உள்ளவர், பல மருந்து சாப்பிடுபவர், புகைப்பவர், உடல் தளர்ந்தவர். அவர் விழுவதற்கும் எலும்பு உடைவதற்கும் மாத்திரை இல்லாமலே காரணங்கள் இருக்கின்றன. 2012இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு இதை நேரடியாகத் தொட்டது. ஏறத்தாழ 80,000 பெண்களின் தரவில் மாத்திரை எடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அதிக ஆபத்து தெரிந்தது. புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள் ஆகியோரை ஒதுக்கிவிட்டு, ஒருபோதும் புகைக்காத பெண்களை மட்டும் பார்த்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ மறைந்துபோனது.

மாத்திரைதான் காரணமா என்ற கேள்விக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் சோதனைதான் விடை சொல்ல முடியும். இதயநோய் மருந்து ஒன்றுக்காக நடந்த 'காம்பஸ்' ஆய்வில் 17,598 பேரில் பாதிப் பேருக்குப் பான்டோப்ரசோலும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்து, சுமார் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் குடல் தொற்று சற்று அதிகம். எலும்பு முறிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 3 ஆண்டு என்பது 15 ஆண்டுக்கு விடை சொல்லாது என்பதால், தேவையில்லாமல் இந்த மாத்திரையைத் தொடரக் கூடாது என்ற அறிவுரை இன்றும் சரியே. ஆனால் 'கேஸ் மாத்திரை எலும்பை அரிக்கும்' என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று நிற்கவில்லை.

இறைச்சி தின்றால் எலும்பு கரையுமா?

மூன்றாவது கருத்து இன்னும் பழையது. 1968இல் வாக்மன், பெர்ன்ஸ்டீன் இருவரும் 'லான்செட்' இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். இறைச்சியிலும் தானியத்திலும் உள்ள கந்தகம் உடலில் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தை ஈடுகட்ட உடல் எலும்பிலுள்ள காரத்தை எடுக்கிறது. ஆயுள் முழுவதும் இப்படித் துளித்துளியாக எடுத்தால், கடைசியில் எலும்பு மெலியும்.

சான்றுகள் வரிசையாக வந்தன. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைச் சோதனைக் கலத்தில் வளர்த்த டிம் ஆர்னெட், சுற்றியுள்ள திரவத்தில் அமிலம் சற்றே கூடினாலும் அவை எலும்பில் தோண்டும் குழிகள் பெருகுவதை 1986இல் காட்டினார். 1992இல் 16 நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விலங்குப் புரதம் அதிகம் உண்ணும் நாடுகளில் பெண்களின் இடுப்பெலும்பு முறிவும் அதிகமாக இருந்தது. 1994இல் கலிபோர்னியாவின் செபாஸ்டியன் குழுவினர் மாதவிடாய் நின்ற 18 பெண்களுக்கு 18 நாள் பொட்டாசியம் பைகார்பனேட் கொடுத்தார்கள். சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது குறைந்தது. 'உடம்பைக் காரமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று இன்று விற்கப்படும் நீர், பொடி, இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

பிறகு விரிசல்கள் தெரிந்தன. நாடுகளை ஒப்பிடும்போது இறைச்சி மட்டும் வேறுபடுவதில்லை. ஆயுள், உயரம், வெயில், உழைப்பு, மருத்துவமனைப் பதிவு என்று எல்லாமே வேறுபடுகின்றன. புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் கால்சியத்தின் பெரும்பகுதி எலும்பிலிருந்து வரவில்லை. குடல் உணவிலிருந்து அதிகம் உறிஞ்சுவதால் வருகிறது என்று ஐசோடோப் ஆய்வுகள் காட்டின. அமிலத்தை வெளியேற்றச் சிறுநீரகமும் நுரையீரலும் இருக்கும்போது, ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் அசையாமல் நிற்கிறது. கனடாவின் டான்யா ஃபென்டன் 2009 முதல் இந்தச் சான்றுகளை முறைப்படி அலசி, உணவின் அமிலம் எலும்பு மெலியும் நோயான எலும்புப்புரையை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்.

இன்னும் கூர்மையான பதில் 2020இல் வந்தது. பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வில் ஏறத்தாழ 55,000 பேரைச் சராசரியாக 18 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். அமிலக் கருத்து சரியென்றால் இறைச்சி உண்பவர்களுக்குத்தான் இடுப்பெலும்பு அதிகம் முறிந்திருக்க வேண்டும். நடந்ததோ மாறாக: சைவ உணவினருக்கு இறைச்சி உண்பவர்களைவிட நான்கில் ஒரு பங்கு அதிகம், பால், தயிர்கூடத் தொடாத வீகன்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடை குறைவாக இருப்பது, கால்சியமும் புரதமும் போதாமல் போவது ஆகியவை இதில் ஒரு பங்கை விளக்குகின்றன. காய்கறி கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. மெலிந்த உடம்பும் போதாத புரதமும் இடுப்பெலும்புக்கு ஆபத்து என்பதே பொருள். ஜெனீவாவில் தொடை எலும்புக் கழுத்து முறிந்த 59 முதியவர்களிடம் நடந்த சோதனையில், கூடுதல் ஊட்டச்சத்து பெற்றவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன என்று 1990இலேயே டெல்மி குழுவினர் காட்டியிருந்தார்கள். அமிலத்துக்குப் பயந்து முட்டையையும் பருப்பையும் குறைக்கும் முதியவர், இல்லாத ஆபத்திலிருந்து தப்பப் போய் இருக்கும் ஆபத்தில் விழுகிறார்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவர்களுக்கு ரத்தத்திலேயே அமிலம் தேங்கும், எலும்பும் பாதிக்கப்படும், மருத்துவர் பைகார்பனேட் கொடுப்பார். அது நோய்க்கான மருந்து. கடையில் விற்கும் கார நீருக்கு அது சான்றாகாது.

வாயுவாக வரும் ஹைட்ரஜன்

இனி மூலக்கூறு. ஹைட்ரஜன் வாயு உடலில் எதையும் செய்யாது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். ஆழ்கடல் முக்குளிப்பவர்களின் சுவாசக் கலவையில்கூட அதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1975இல் டெக்சாஸில் டோல், வில்சன், ஃபைஃப் மூவரும் தோல் புற்று வந்த எலிகளை 8 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 97.5 சதவீத ஹைட்ரஜனுக்குள் வைத்தபோது கட்டிகள் சுருங்கியதாக எழுதினார்கள். பிறகு அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2007இல் டோக்கியோ நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஷிகேயோ ஓதா குழுவினர் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியதும் இந்தத் துறை பிறந்தது. மூளைக்கு ரத்தம் தடைபட்டு மீண்டும் பாய்ந்த எலிகளுக்கு 2 முதல் 4 சதவீத ஹைட்ரஜன் கலந்த காற்றைக் கொடுத்தார்கள். மூளைச் சேதம் குறைந்தது. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் மூர்க்கமான துகள்களில் மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கலை மட்டும் ஹைட்ரஜன் தேர்ந்தெடுத்து அணைக்கிறது, உடலுக்குத் தேவையான மற்றவற்றை விட்டுவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

எலும்பு ஆய்வாளர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பில் இந்தத் துகள்கள் கூடுகின்றன. அவை ஆஸ்டியோகிளாஸ்ட்களின் பிறப்பைத் தூண்டுகின்றன. சினைப்பை நீக்கிய எலிகளுக்கு 3 மாதம் ஹைட்ரஜன் கரைந்த நீரைக் குடிக்கக் கொடுத்தபோது எலும்பிழப்பு குறைந்ததாக 2013இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில், பின்னங்கால் தரையில் படாமல் தூக்கிக் கட்டி விண்வெளி எடையின்மையைப் போலச் செய்த எலிகளிடமும் இதேபோன்ற பலன் தெரிந்தது. ஸ்டீராய்டு கொடுத்த முயல்களின் எலும்பு மடிவு ஹைட்ரஜன் ஏற்றிய உப்புநீரால் குறைந்தது என்று இன்னொரு குழு கண்டது. தொடை எலும்பின் தலை ரத்தமின்றி மடிவதைப் பற்றி முன்பு பார்த்தோம். அதனால் இந்த முயல் ஆய்வு இடுப்பெலும்பு மருத்துவர்களுக்கு ஆர்வமூட்டுவது இயல்பே.

எதிர்க்கேள்விகளும் வலுவானவை. ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறந்த நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் அருகில் உள்ள எதையாவது பற்றி எரித்துவிடும். புரதமும் கொழுப்பும் நெருங்கிக் கிடக்கும் செல்லுக்குள், அதைவிட மெதுவாக வினைபுரியும் கொஞ்சம் ஹைட்ரஜன் முந்திக்கொண்டு அதைப் பிடிப்பது கடினம். அதனால் ஹைட்ரஜன் செல்லின் தற்காப்பு மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறதோ என்று இப்போது வேறு வழி தேடுகிறார்கள். இரண்டாவது கேள்வி அளவைப் பற்றியது. ஒரு லிட்டர் நீரில் சாதாரண அழுத்தத்தில் கரையும் ஹைட்ரஜன் சுமார் 1.6 மில்லிகிராம்; வாயுவாக அளந்தால் 20 மில்லிலிட்டருக்கும் குறைவு. பாட்டிலைத் திறந்துவைத்தால் அதுவும் பறந்துவிடும். நம் பெருங்குடல் பாக்டீரியாக்களோ, செரிக்காத மாவுச்சத்தைத் தின்று தாமாகவே ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. மொச்சையோ கொண்டைக்கடலையோ சாப்பிட்ட நாளில் அது இந்த அளவைப் பலமடங்கு தாண்டும். பாலைச் செரிக்க முடியாதவர்களைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனை இந்தக் குடல் ஹைட்ரஜனைத்தான் அளக்கிறது.

இதனால் ஹைட்ரஜன் மருத்துவமே போலி என்று தள்ளிவிடவும் முடியாது. இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுக்கு 2 சதவீத ஹைட்ரஜன் சுவாசம் கொடுக்கும் சோதனையைக் கெய்யோ பல்கலைக்கழகம் தலைமையில் ஜப்பான் மருத்துவமனைகள் நடத்தின. கோவிட் காலத்தில் 73 பேருடன் அது நிறுத்தப்பட்டது. முதன்மையாகக் கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் 90 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஹைட்ரஜன் பெற்ற குழுவில் 85 சதவீதம், மற்ற குழுவில் 61 சதவீதம். பெரிய சோதனை நடத்துவதற்கு இது நியாயமான காரணம்.

எலியும் பாட்டியும்

எலியிலிருந்து பாட்டிக்குத் தாவும்போது எங்கே கால் இடறுகிறது? முதலில், எலி நான்கு காலில் நடக்கிறது. குளியலறையில் பக்கவாட்டில் விழுவதில்லை. எலி ஆய்வில் அளப்பது எலும்பின் அடர்த்தியையும், வெட்டியெடுத்த எலும்பு கருவியில் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதையும்தான். மனிதரிடம் எண்ண வேண்டியது முறிவுகளை.

அடர்த்தி கூடினால் முறிவு குறையும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1990இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் எலும்புப்புரை நோயுள்ள 202 பெண்களிடம் 4 ஆண்டு சோடியம் ஃப்ளூரைடைச் சோதித்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால், இடுப்பு முறிவுகளோ கூடின. கனிமத்தின் ஹைட்ராக்சைடு இடத்தில் ஃப்ளூரைடு உட்கார்ந்துகொண்டதால் எலும்பு கனத்தது, தரம் கெட்டது. குடிநீரில் ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் எலும்பு அடர்ந்தும் வளைந்தும் முடங்கிப்போவதை அன்றைய சென்னை மாகாணத்தில் 1937இலேயே ஷார்ட் முதலியோர் பதிவு செய்திருந்தார்கள். தருமபுரிக்காரர்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல.

இரண்டாவது இடறல், சிறு சோதனையின் வெற்றி. ஹைட்ரஜன் நீரைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்த கதை இதற்குப் பாடம். 2013இல் ஜப்பானில் 17 பேரிடம் 48 வாரம் நடந்த முதல் சோதனை நம்பிக்கை தந்தது. அதே குழுவினர் நேர்மையாக அடுத்த படி ஏறி, 178 பேரிடம் 72 வாரம் சோதித்தார்கள். போலி நீருக்கும் ஹைட்ரஜன் நீருக்கும் வேறுபாடு இல்லை. இரண்டாம் செய்தி முதல் செய்தி போன இடத்துக்கெல்லாம் போய்ச் சேரவில்லை. விற்பனையாளர்கள் இன்றும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. இடுப்பெலும்பு முறிவு கொடியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு வருவது அரிது. சோலெட்ரானிக் அமிலச் சோதனையில் போலி மருந்து பெற்ற சுமார் 3,900 பேரில் 3 ஆண்டில் முறிந்தது நூறு பேருக்குச் சற்றுக் குறைவு. 50 பேரிடம் ஹைட்ரஜன் நீரைச் சோதித்தால் இரு பக்கமும் ஓரிரு முறிவுகள்தான் நடக்கும். அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். ஹைட்ரஜன் வாயுவோ நீரோ இடுப்பெலும்பு முறிவைக் குறைத்தது என்று அப்படிப்பட்ட பெரிய சோதனை எதுவும் காட்டியதில்லை.

இன்றைய தீர்ப்பு

நான்கு கருத்துகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஆஸ்டியோகிளாஸ்டின் அமில வேலையை அடக்கினால் முறிவு குறையும்: ஆயிரக்கணக்கானவர்களிடம் மெய்ப்பிக்கப்பட்டது. கேஸ் மாத்திரை முறிவைக் கூட்டும்: பதிவுகளில் தெரிந்தது, சோதனையில் தேய்ந்தது. உணவின் அமிலம் எலும்பைக் கரைக்கும்: நிற்கவில்லை. ஹைட்ரஜன் வாயு எலும்பைக் காக்கும்: எலிகளிடம் ஆம், மனிதரிடம் இன்னும் யாரும் காட்டவில்லை.

மெய்ப்பிக்கப்பட்டதையே நாம் பயன்படுத்தத் தவறுகிறோம் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த 2,127 பேரிடம் நடந்த இன்னொரு 2007 ஆய்வில், 90 நாளுக்குள் சோலெட்ரானிக் அமிலம் பெற்றவர்களுக்கு அடுத்த முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. ஆனாலும் ராடு வைத்து, தையல் பிரித்து, எலும்புப்புரைக்கு எந்த மருந்தும் எழுதப்படாமல் வீடு திரும்பும் முதியவர்கள் உலகெங்கும் ஏராளம். உடைந்த எலும்பைச் சேர்த்தாயிற்று. உடையக் காரணமான நோய் அப்படியே இருக்கிறது.

எனவே வீட்டில் 65 வயது தாண்டியவர் இருந்தால் ஹைட்ரஜன் நீர் இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தைக் குளியலறைக்குச் செலவிடுங்கள்: சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் ஒரு விளக்கு. தட்டில் பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று ஒத்துக்கொள்ளும் புரதம் இருக்கட்டும். தூக்க மாத்திரையும் கண்புரையும் விழவைக்கும். இரண்டையும் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கேஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், 'இன்னும் தேவையா?' என்று கேளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்திருந்தால், 'எலும்பு வலுப்பட மருந்து ஏன் எழுதவில்லை?' என்ற கேள்வியைக் கேட்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.